பெரிய அளவு காமிக்ஸ் மூல ஓவியங்கள்: மும்பை வீட்டில் பாதுகாப்பதும் ஃப்ரேம் போடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாதுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை பரவியிருக்கும் மும்பைத் தமிழர்களில் காமிக்ஸ் சேகரிப்பவர்கள் நிறையப் பேர். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பழைய இதழ்களைத் தேடி அலைந்தவர்களில் சிலர் இப்போது ஒரு படி மேலே போய், அச்சுக்குக் கொடுப்பதற்காக ஓவியர் கையால் வரைந்த பக்கத்தையே வாங்குகிறார்கள். சிலருக்கு அது குடும்பச் சொத்தாக வருகிறது. அப்பாவோ சித்தப்பாவோ பத்திரிகையிலோ விளம்பரக் கம்பெனியிலோ ஆர்ட்டிஸ்டாக இருந்திருப்பார். எப்படி வந்தாலும் சிக்கல் ஒன்றுதான்: வீடு ஒன் பிஎச்கே, தாள் மூன்றடி, வருஷத்தில் நான்கு மாதம் மழை. இது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. மியூசியத்துக்கான ஆலோசனை இல்லை, வீட்டில் செய்யக்கூடியது மட்டும்.

எந்த அளவைத் தாண்டினால் ‘பெரிய அளவு’?

என் கணக்கில் ஏ3 தான் எல்லை. 297 x 420 மி.மீ. வரைக்கும் உறை, ஃபைல், ரெடிமேட் ஃப்ரேம் எல்லாம் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். அதற்கு மேல் எல்லாமே தனியாகச் செய்ய வேண்டியதாகிவிடும்.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க காமிக்ஸ் பக்கங்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து 11 x 17 அங்குல அட்டையில் வரையப்படுகின்றன. பார்வைக்கு ஏ3 மாதிரியேதான் இருக்கும். ஆனால் 17 அங்குலம் என்பது 432 மி.மீ.; ஏ3 உறையை விட 12 மி.மீ. நீளம். உறைக்குள் திணித்தால் ஓரம் மடங்கும். 13 x 19 அங்குல உறை வாங்குங்கள், இடம் தாராளமாக இருக்கும். அந்த மாற்றத்துக்கு முந்தைய பக்கங்கள் இன்னும் பெரியவை. படம் மட்டுமே சுமார் 12½ x 18½ அங்குலம் வரும். செய்தித்தாள் ஞாயிறு பக்கங்கள் வேறு உலகம். 1937இல் தொடங்கிய ‘பிரின்ஸ் வேலியன்ட்’ தொடருக்கு ஹால் ஃபாஸ்டர் வரைந்த தாள்கள் ஏறக்குறைய மூன்றடி உயரம்.

நம் நாட்டு ஓவியர்கள் பெரும்பாலும் 22 x 30 அங்குல இம்பீரியல் ஷீட்டையோ அதன் பாதியான 15 x 22ஐயோ பயன்படுத்தினார்கள். அட்டைப்படம், இரட்டைப் பக்கப் படம் என்றால் முழு ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யாமல், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். காமிக்ஸ் மூலப் பக்கம் சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்டதில்லை. அச்சகக் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை நின்றால் போதும் என்று வரையப்பட்டது. அதனால் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அதில் ஒட்டியிருப்பார்கள். வசன பலூன் தனித் தாளில் எழுதி ரப்பர் சொல்யூஷனில் ஒட்டியிருக்கும்; அந்தப் பசை வருஷங்கள் போனால் பழுப்பாகிப் பிடிப்பை விட்டுவிடும். நிழலுக்கு ஒட்டிய புள்ளி ஃபிலிம் சுருங்கும், வெயில் காலத்தில் நகரும். தவறை மறைக்கப் பூசிய வெள்ளை போஸ்டர் கலர் விரிந்து செதில் செதிலாக வரும். ஓரத்தில் அச்சகத்துக்கான குறிப்பு, நீலப் பென்சில் கோடு, மேலே டிரேசிங் பேப்பரில் கலர் குறிப்பு.

இவை எல்லாமே அந்தப் பக்கத்தின் பகுதி. அழிக்காதீர்கள், பிய்க்காதீர்கள். பலூன் கழன்று கையோடு வந்துவிட்டால் திரும்ப ஒட்ட வேண்டாம். எந்தக் கட்டத்தில் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்து, சின்ன உறையில் போட்டு, பக்கத்தோடு சேர்த்து வையுங்கள்.

மையைப் பொறுத்தவரை, கறுப்பு இந்தியன் இங்க் கரியால் ஆனது. வெளிச்சத்தில் மங்காது, காய்ந்தபின் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஸ்கெட்ச் பேனா, மார்க்கர், சாயத் திரவ வண்ணங்கள் அப்படி இல்லை. சுவரில் மாட்டினால் சில வருஷத்திலேயே வெளுக்க ஆரம்பிக்கும். எது எதில் வரைந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற எல்லா முடிவும்.

மும்பை ஈரத்தில் இதெல்லாம் நிற்குமா?

நிற்கும், நீங்கள் ஈரத்தோடு போராடத் தயாராக இருந்தால். வெயிலும் தூசியும் மும்பையில் இரண்டாம் பட்சம். முதல் எதிரி ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே அது 85ஐத் தாண்டுவது சாதாரணம். தாளுக்குப் பிடித்தது 45 முதல் 55 வரை. வெறும் மின்விசிறியை வைத்துக்கொண்டு அந்த எண்ணை எட்டவே முடியாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஈரப்பதத்தை அளக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அதைத் தாள் இருக்கும் பீரோவுக்குள்ளேயே வையுங்கள். ஹாலில் வைத்துப் பிரயோஜனம் இல்லை. ஏசி இருந்தால் மழைக்காலத்தில் ‘டிரை’ மோடில் ஓட்டலாம். ஆனால் ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி, பகல் முழுக்க ஜன்னல் திறந்த வீடு என்றால் தாள் தினமும் சுருங்கி விரியும். அதற்கு ஏசி இல்லாத அறையே தேவலை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் டீஹ்யூமிடிஃபையர் வாங்குங்கள். ஏசியை விடச் சின்னது, மின்சாரமும் குறைவு. ஜூலையில் அதன் டப்பாவில் சேரும் தண்ணீரைப் பார்த்தால், இவ்வளவு நாள் தாள் எதைக் குடித்துக்கொண்டிருந்தது என்று தெரியும்.

சிலிக்கா ஜெல் பாக்கெட் இறுக மூடும் பெட்டிக்குள் மட்டும் வேலை செய்யும். சாதாரண பீரோவில் நாலைந்து பாக்கெட் போடுவது மனத் திருப்திக்குத்தான். நிறம் மாறுகிற வகையாகப் பார்த்து வாங்கினால், நிறம் மாறியதும் மின் அடுப்பில் (ஓவன்) சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம்.

வீட்டில் எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா?

படுக்கை வசமாக, இருட்டில், தரையிலிருந்து உயரத்தில், உள் அறைச் சுவரை ஒட்டி. இந்த நான்கும் அமைகிற இடம் எதுவானாலும் சரி.

கட்டிலுக்கு அடியில் என்றால் எனக்குத் தயக்கம். பெட்டிக்கட்டில் பிளைவுட்டிலும் எம்டிஎஃபிலும் (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை) செய்வது. அதன் பசையிலிருந்து வரும் ஆவி தாளைப் பழுப்பாக்கும், காற்றோட்டமும் கிடையாது. அதோடு 2005 ஜூலை 26ஐ மறக்காதீர்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்து, தரைத்தள வீடுகளில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற ஊர் இது. நீங்கள் எட்டாவது மாடியில் இருக்கலாம். பாத்ரூம் குழாய் உடைந்தாலும் தண்ணீர் தரையில்தான் ஓடும்.

பரணில் வைப்பதும் வேண்டாம். மும்பை ஃப்ளாட்டுகளில் பரண் பெரும்பாலும் பாத்ரூமுக்கோ சமையலறைக்கோ மேலேதான் இருக்கும். ஒன்றில் கசிவு, இன்னொன்றில் தாளிப்புப் புகை.

இருப்பதில் நல்லது பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தட்டுப் பீரோ. ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் வரைபடம் வைக்க ஆழம் குறைந்த அகல டிராயர்கள் கொண்ட பீரோ இருக்கும். அலுவலகம் காலி செய்யும்போது செகண்ட் ஹேண்டில் வரும். காதில் விழுந்தால் விடாதீர்கள். அதற்கு இடம் இல்லாதவர்கள் சாதாரண கோத்ரெஜ் பீரோவின் மேல், தட்டையான பெட்டியில் வைக்கலாம். பீரோ வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் நாலு விரல் இடைவெளி விட்டு நகர்த்துங்கள். மரத்தில் மட்டும்தான் வைக்க முடியும் என்றால் தட்டின் உள்பக்கம் தடிமனான பாலியெஸ்டர் ஷீட் விரித்து, தாளை ஆசிட்-ஃப்ரீ (அமிலம் இல்லாத) அட்டை உறைக்குள் வையுங்கள்.

ஒரே அடுக்கில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். பெரியது கீழே, சின்னது மேலே. நடுவில் இருக்கும் ஒன்றை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் தூக்க வேண்டும். உறை கிழிவதும் ஓரம் மடங்குவதும் அப்போதுதான் நடக்கும்.

எந்தப் பிளாஸ்டிக் உறை நல்லது?

பாலியெஸ்டர் முதல் சாய்ஸ், பாலிப்ரோப்பிலீன் அடுத்தது. பிவிசி வேண்டவே வேண்டாம். புது ரெக்ஸின் வாசனை அடிக்கிற எந்த உறையும் பிவிசி என்றே சந்தேகப்படுங்கள். ஆர்ட் காலேஜ் மாணவர்கள் தோளில் மாட்டிப் போகும் ஜிப் வைத்த ஃபோலியோ பை தூக்கிப் போவதற்கு நல்லது, வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருக்க ஆகாது.

பாலியெஸ்டரில் ஒரு கோளாறு: நிலைமின்சாரம். கரி, பேஸ்டல், செதில் விடுகிற வெள்ளைப் பூச்சு இருக்கும் பக்கத்தை அதற்குள் போட்டால் உறை அதை இழுத்து எடுத்துவிடும். அப்படிப்பட்டதை அட்டை உறைக்குள், மேலே மெல்லிய ஆசிட்-ஃப்ரீ டிஷ்யூ தாள் போட்டு வையுங்கள். வழவழப்பான கிளாசின் தாளை இதற்குப் பலர் சிபாரிசு செய்வார்கள். வறண்ட ஊரில் சரி, மும்பையில் ஈரம் குடித்து நெளிந்து கீழே உள்ள பெயின்டில் ஒட்டிக்கொள்ளும்.

எந்த உறையானாலும் ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். நாலு பக்கமும் ஒட்டி மூடினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது. லேமினேஷன் பற்றிக் கேட்காதீர்கள். அதைச் செய்துவிட்டால் மூல ஓவியம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

‘ஆசிட்-ஃப்ரீ’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

சோதித்துப் பாருங்கள். அதற்கென்று பி.எச். பேனா இருக்கிறது. அட்டையின் ஓரத்தில் கோடு போட்டால், அமிலம் இல்லாத தாளில் ஊதாவாகும், அமிலம் இருந்தால் மஞ்சளாகும். மவுன்ட் போர்டை (நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி, ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்கும் தடித்த அட்டை) மேல்பக்கம் மட்டும் சோதிக்காமல் வெட்டுவாயிலும் சோதியுங்கள்; மேல் தாள் நன்றாக இருந்து உள்ளே மலிவுக் கூழ் இருப்பது சகஜம். ஓவியத்தின் மேல் இந்தப் பேனாவை வைத்துவிடாதீர்கள், கறை போகாது.

சுருட்டி டியூபில் வைத்தால் இடம் மிச்சமாகுமே?

இடம் மிச்சம்தான். ஒட்டு வேலை இருக்கும் பக்கத்தையும், வெள்ளை பூசிய பக்கத்தையும், அட்டையில் வரைந்ததையும் சுருட்டவே கூடாது. பழுப்பேறிய பழைய தாள் சுருட்டும்போது அப்பளமாக நொறுங்கும். பயணத்துக்காக வேறு வழியில்லாமல் நல்ல நிலையில் உள்ள தாளைச் சுருட்டுவதாக இருந்தால், ஆறு அங்குல விட்டத்துக்குக் குறையாத குழாயின் மேல், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றி, ஊர் போய்ச் சேர்ந்ததும் பிரித்துவிடுங்கள்.

பூச்சிக்கு நாஃப்தலின் உருண்டை போடலாமா? பாட்டி வேப்பிலையும் வசம்பும் வைக்கச் சொல்கிறார்.

நாஃப்தலின் வேண்டாம். அதன் ஆவி தாளிலும் பிளாஸ்டிக்கிலும் படியும், உங்கள் மூச்சுக்கும் நல்லதில்லை. பாட்டி சொல்வது ஓலைச்சுவடிப் பழக்கம். பீரோவின் கீழ்த்தட்டில் துணியில் முடிந்து வைத்தால் தவறில்லை. தாளைத் தொடக்கூடாது, எண்ணெய்க் கறை இறங்கும். காய்ந்த இலை மக்கினால் அதுவே பூச்சிக்குச் சாப்பாடு.

ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் பிடித்தது பசை, ஸ்டார்ச், இருட்டு, ஈரம். ஈரத்தைக் குறைத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். மாதம் ஒரு தடவை தட்டுகளைத் திறந்து பார்த்தாலே மீதியைக் கண்டுபிடித்துவிடலாம். கரையான் வேறு விஷயம். சுவரிலோ கதவு நிலையிலோ மண் கோடு தெரிந்தால் அன்றைக்கே ஓவியங்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டு பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடுங்கள். மருந்து தெளித்த அறையில் வாசனை முழுசாகப் போகும் வரை திரும்ப வைக்காதீர்கள்.

ஃப்ரேம் போட எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஃப்ரேமுக்குள் தாளும் மவுன்ட்டும் பின்அட்டையும் அன்றைய காற்றையும் சேர்த்துத்தான் அடைபடுகின்றன. ஜூலையில் அடைத்தால் ஜூலையின் ஈரம் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் “இரண்டு நாளில் தருகிறேன்” என்று சொன்னாலும் பொங்கல் வரை பொறுங்கள். ஃப்ரேம் போடுவதற்கு முந்தைய வாரம் மவுன்ட் போர்டும் பின்அட்டையும் உங்கள் வீட்டு உலர்ந்த அறையில் கிடக்கட்டும்.

ஃப்ரேம் கடைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இந்தியில் இரண்டே வாக்கியம்: “சிப்கானா மத். காட்னா மத்.” ஒட்டாதே, வெட்டாதே. இந்த இரண்டையும் அவர் ஒத்துக்கொண்டால் மற்றதைப் பேசலாம். ஒத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் உள்ளே இருக்கும் பையன் ஒட்டிவிடுவான். ஆகவே பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சலிப்பான வேலைதான்.

ஏன் ஒட்டக்கூடாது? பெரிய தாள் மழையில் விரியும், குளிரில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் விரிய வழியில்லாமல் நெளியும், சில சமயம் கிழியும். ஃபெவிகாலும் இரட்டைப் பக்க டேப்பும் ஒட்டியபின் தாளைச் சேதப்படுத்தாமல் பிரிக்க முடியாதவை. செய்கிற எதையும் பின்னால் பிரிக்க முடிய வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒட்டாமல் எப்படி நிற்கும்? மேல் ஓரத்தில் மட்டும், ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுவது முறையான வழி. கவனிக்க: மைதாப் பசை இல்லை. மைதாவில் உள்ள புரதம் பூச்சியைக் கூப்பிடும், காய்ந்தால் விறைக்கும். நம் பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (செம்பு உப்பு) கலப்பார்கள். அந்தச் செம்பு தாளையே அரிக்கும். ஸ்டார்ச் பசை காய்ச்சத் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால் பசையே வேண்டாம். ஆசிட்-ஃப்ரீ தாளை முக்கோணமாக மடித்து நாலு மூலைக்கும் பை மாதிரி செய்து, அதை மட்டும் பின்அட்டையில் ஒட்டுங்கள். இரண்டடிக்கு மேல் உள்ள தாளுக்கு மூலைகள் மட்டும் போதாது, நடுவில் தொய்யும். கீழ் ஓரம் முழுக்க ஒரு மடிப்புப் பட்டை கொடுத்தால் எடையை அது தாங்கும். அட்டையில் வரைந்த கனமான பக்கங்களுக்கும் இந்தப் பட்டைதான்.

மவுன்ட் இல்லாமல் கண்ணாடி நேராகத் தாளைத் தொடும்படி போடவே கூடாது. ஈரம் கோர்த்தால் மை கண்ணாடியோடு போய்விடும். சாதாரண மவுன்ட் 1.5 மி.மீ. கனம் இருக்கும், ஒட்டு வேலை இருக்கும் பக்கத்துக்கு அது போதாது, இரட்டைக் கனத்தில் கேளுங்கள். ஜன்னலைப் பெரிதாக வெட்டச் சொல்லி ஓரக் குறிப்புகள், நீலக்கோடு எல்லாம் தெரியும்படி விடுவது என் விருப்பம். ஓரத்தை மறைத்தால் அச்சுப் புத்தகத்துக்கும் அதற்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம்?

பின்பக்கம்தான் நம் கடைகளில் அதிகம் கோட்டை விடும் இடம். ஹார்ட்போர்டு, எம்டிஎஃப், அல்லது சன்போர்டு வைப்பார்கள். சன்போர்டு வெள்ளையாக, சுத்தமாக, தண்ணீர் படாமல் அழகாக இருக்கும். ஆனால் அது பிவிசி ஃபோம். அதற்குப் பதில் தாளுக்கு நேர் பின்னால் ஆசிட்-ஃப்ரீ அட்டை, அதற்குப் பின்னால் பாலிப்ரோப்பிலீன் நெளிஷீட். கொரியர்காரர்கள் பெட்டி செய்யும் அதே உள்ளீடற்ற ஷீட்தான். மும்பைச் சுவரிலிருந்து வரும் ஓதத்தை அது நன்றாகத் தடுக்கும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

இந்த அளவுக்கு அக்ரிலிக். 36 x 30 அங்குல ஃப்ரேமுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் வரும். அதே கனத்தில் அக்ரிலிக் இரண்டரை கிலோ. கண்ணாடி உடைந்தால் முதலில் கிழிவது ஓவியம். அக்ரிலிக் 8 x 4 அடி ஷீட்டாக வருவதால் எந்த அளவுக்கும் வெட்டிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. கீறல் விழும், ஈரத்தில் லேசாக வளையும், நிலைமின்சாரம் பிடிக்கும். வளைவுக்காக மவுன்ட் கனத்தைக் கூட்டுங்கள். பேஸ்டல், கரி ஓவியத்துக்கு மட்டும் கண்ணாடி. துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் அக்ரிலிக் மங்கிவிடும். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் விலை கூட. கலர் ஓவியம் என்றால் அந்தக் காசைக் கொடுங்கள்.

எந்தச் சுவரில் மாட்டலாம்?

மழை அடிக்கும் வெளிச்சுவரில் வேண்டாம். மும்பையில் அது பெரும்பாலும் மேற்குச் சுவர். சமையலறையோடு பொதுவான சுவர், பூஜை விளக்குக்கு மேல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் ஆகியவையும் வேண்டாம். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் இடையில் காற்று ஓடும். ஒரு கம்பியில் தொங்கவிடாமல் இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். பழைய கட்டிடங்களில் பூச்சு உதிரும். செங்கல் வரை துளைத்து ராவல் பிளக் போட்டால்தான் நிற்கும்.

வெளிச்சம்: மியூசியங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்பார்கள். ஜன்னல் இருக்கும் ஹாலில் பகலில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். புற ஊதாவைத் தடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கறுப்பு மையில் வரைந்ததை நிழலான சுவரில் மூன்று நான்கு மாதம் மாட்டிவிட்டு உள்ளே வைக்கலாம். மார்க்கரில் வரைந்ததை மாட்டவே வேண்டாம். நல்ல ஸ்கேனை எடுத்து, பிக்மென்ட் இங்க்கில் அசல் அளவிலேயே பிரிண்ட் போட்டு மாட்டுங்கள். விருந்தாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிகிற அந்தப் பத்தாவது ஆளுக்கு அசலை எடுத்துக் காட்டுங்கள், அவருக்கு அதுதான் சந்தோஷம்.

ஸ்கேன் எங்கே எடுப்பது?

பிளான் பிரிண்ட் கடைகளில் அகலமான ஸ்கேனர் இருக்கும். அது தாளை உருளைகளுக்கு நடுவே இழுக்கும் வகை. ஒட்டு வேலை உள்ள பக்கத்தை அதில் விட்டால் பலூன் உள்ளேயே தங்கிவிடும். வீட்டு ஏ4 ஸ்கேனரிலேயே 600 டிபிஐயில் பகுதி பகுதியாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். மூன்றடித் தாளுக்கு அது பெரிய கூத்து. அதற்கு, ஓவியங்களைப் படமெடுத்துப் பழகிய போட்டோகிராஃபர்தான் நல்லது.

பழைய செல்லோடேப் மஞ்சளாகிவிட்டது. எடுக்கலாமா? பூஞ்சைப் புள்ளிகளை என்ன செய்வது?

டேப்பைத் தொடாதீர்கள். தின்னர், பெட்ரோல், ஹேர் டிரையர் என்று யார் சொன்னாலும் சரி. பசை தாளுக்குள் இறங்கியிருக்கும். எடுக்கத் தெரிந்தவர் கன்சர்வேட்டர் (கலைப் பாதுகாப்பு நிபுணர்) மட்டுமே.

பூஞ்சை என்றால் முதலில் அந்தப் பக்கத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் குறைந்த அறையில் காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் உள்ளே தேய்ந்து இறங்கும். நன்றாகக் காய்ந்து பொடியாக இருந்தால், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, பால்கனியில் மிருதுவான பிரஷ்ஷால் லேசாகத் தட்டலாம். மை, பெயின்ட் மேல் இருந்தால் அதுவும் வேண்டாம். வெயிலில் காயப்போடுவது பாட்டி வைத்தியம், தாள் பழுத்துவிடும். காலா கோடாவில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்க்ரஹாலயா மியூசியத்தில் கலைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. விலை மதிப்புள்ள பக்கமாக இருந்தால் அங்கே விசாரித்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

நனைந்தே போய்விட்டால்?

நேரம்தான் முக்கியம். ஒன்று, இரண்டு நாளில் பூஞ்சை ஆரம்பித்துவிடும். உறையோடு சேர்த்துத் தட்டையான பலகையில் ஏந்தி எடுங்கள். நனைந்த தாளை மூலையைப் பிடித்துத் தூக்கினால் கிழியும். உறையிலிருந்து தானாக விலகினால் மட்டும் பிரியுங்கள். மேல்பக்கத்தை ஒற்றாதீர்கள், கீழே ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, ஏசியை டிரை மோடில் விடுங்கள். ஃப்ரேமுக்குள் நனைந்து தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காமல், கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்க வைத்து, அப்படியே நிபுணரிடம் கொண்டு போங்கள்.

ஓவியம் என்னுடையது. அதை டிஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா? விற்றால் ஓவியருக்குப் பங்கு உண்டா?

அச்சடித்து விற்க முடியாது. தாள் உங்களுடையது, பதிப்புரிமை உங்களுடையதில்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை ஓவியர் இறந்து 60 வருஷம் வரை நிற்கும். சம்பளத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ வரைந்தது என்றால் உரிமை பதிப்பகத்திடம் இருக்கலாம். 1967இல் தொடங்கிய அமர் சித்திர கதாவோ, 1980இல் வந்த டிங்கிளோ, அதில் ராம் வாயீர்கர் வரைந்த நம் சுப்பாண்டியோ, கையில் அசல் பக்கம் இருக்கிறது என்பதற்காக யாரும் அச்சடிக்க முடியாது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், உண்டு. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், உரிமையின் முதல் சொந்தக்காரர் ஓவியரே என்ற பட்சத்தில், அவரோ அவரது வாரிசுகளோ பங்கு கேட்கலாம். அதிகபட்சம் 10 சதவீதம். வாங்கும்போது ரசீதும், யாரிடமிருந்து வந்தது என்ற விவரமும் எழுதி வாங்கி வையுங்கள். அவை ஓவியத்தோடு ஒரே உறையில் வேண்டாம். ரசீதுத் தாளிலும் அமிலம் இருக்கும், மை ஒட்டும்.

கடைக்கும் வீட்டுக்கும் எப்படிக் கொண்டு போவது?

ஓவியத்தை விட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிய பாலிப்ரோப்பிலீன் நெளிஷீட் இரண்டு. நெளிவு ஒன்றில் நீளவாக்கிலும் மற்றதில் குறுக்கிலும் இருக்கட்டும், அப்போதுதான் மடங்காது. நடுவில் ஓவியத்தை உறையோடு வைத்து, உறையின் மூலைகளைக் கீழ் ஷீட்டில் டேப் போட்டு நிறுத்தி, மேல் ஷீட்டை மூடி நாலு பக்கமும் டேப். மழைக்காலம் என்றால் வெளியே பெரிய பாலிதீன் பை. மூன்றடிக்கு மேல் போனால் முதலில் உங்கள் பில்டிங் லிஃப்டை டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய லிஃப்ட் என்றால் மாடிப்படிதான்.

காலி-பீலி (கறுப்பு-மஞ்சள்) டாக்ஸியின் பின்சீட்டில் சாய்த்து வைக்கலாம், டிக்கியில் வேண்டாம். லோக்கல் ரயிலில் என்றால் மதியம் 12 மணியிலிருந்து 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்திலும் தாதரில் இறங்குவதாக இருந்தால் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே கதவுப் பக்கம் வந்துவிட வேண்டும், ஓவியத்தைச் சுவர்ப் பக்கமாகப் பிடித்தபடி.